எபிடியூரலில் ஓடப்போகும் மருந்தை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

பெரிய ஒப்பரேசன் ஒன்றுக்கு முதல்நாள் பின்னேரம் விடுதிக்குப் போய் நோயாளியோடு கதைத்துவிட்டு வருவது என் வேலையில் ஒரு பகுதி. மயக்க மருந்துப் பிரிவில் இருக்கிறேன். அப்படிப் போன ஒரு நாள், குடலில் கட்டி எடுக்க இருந்த ஐயா ஒருவரின் கட்டிலடியில் நின்ற மகள் கைபேசியை என்னிடம் நீட்டினார். மறுமுனையில் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து மகன். "டொக்டர், அப்பாக்கு நாரியில விடுற மருந்து பியூபிவக்கெயினோ ரோபிவக்கெயினோ? ரோபிவக்கெயின்தான் இதயத்துக்குப் பாதுகாப்பு எண்டு வாசிச்சனான், அதையே போடுங்கோ, காசு பிரச்சினையில்லை." யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிகளில் இந்தக் 'காசு பிரச்சினையில்லை' இப்போது கிழமைக்கு இரண்டு தரமாவது காதில் விழும்.

அவர் கேட்டது எபிடியூரலைப் பற்றி, அதாவது முதுகில் விட்ட மெல்லிய குழாய் வழியாக வலியை அடக்கும் மருந்து ஓடவிடுவது. கேட்டதில் பிழையில்லை. ரோபிவக்கெயின் இதயத்தைக் குழப்புவது குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கேள்வியை நான் ஐந்தாவது இடத்தில்தான் வைப்பேன். அதற்கு முதல் கேட்க வேண்டியவை வேறு. மருந்து தனியாகப் போகிறதா, கலவையாகவா? எவ்வளவு ஐதாக? குழாயின் நுனி முதுகில் எந்த உயரத்தில் நிற்கிறது? இரவு இரண்டு மணிக்கு மூச்சை எண்ணிப் பார்க்கப் போவது யார்? இந்த நாலும் சரியாக அமைந்தால் பழைய மலிவான பியூபிவக்கெயினே நன்றாக வேலை செய்யும், இதில் ஒன்று பிழைத்தாலும் விலை கூடிய மருந்து வந்து காப்பாற்றாது.

வீட்டில் ஒருவருக்கு நெஞ்சிலோ வயிற்றிலோ இடுப்பிலோ பெரிய ஒப்பரேசன் வரப்போகிறது, எபிடியூரல் போடலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார் என்றால் இதை வாசியுங்கள். மருந்தை நீங்களே தெரிவு செய்வதற்காக எழுதவில்லை, கட்டிலடிக்கு வருகிறவரிடம் உருப்படியாக நாலு கேள்வி கேட்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில், இது எந்த ஊசி

"எனக்கும் சிசேரியனுக்கு நாரியில ஊசி போட்டவை, எனக்குத் தெரியும்" என்று சொல்லும் அக்காமார் நிறைய. அவர்களுக்குப் போட்டது பெரும்பாலும் ஸ்பைனல். முள்ளந்தண்டுக்குள்ளே நரம்புகளைச் சுற்றி நீர் நிரம்பிய பை ஒன்று இருக்கிறது, ஸ்பைனலில் மெல்லிய ஊசி அந்தப் பைக்குள் போய் ஒரே தடவையில் மருந்தை விட்டுவிட்டு வெளியே வந்துவிடும், சில மணித்தியாலத்தில் கால் பழையபடி அசையும். எபிடியூரலில் ஊசி பைக்குள் போவதில்லை. பைக்கும் எலும்பு வளையத்துக்கும் நடுவில் கொழுப்பு நிரம்பிய ஒடுங்கிய இடைவெளி ஒன்று உண்டு, அதில் போய் நிற்கும். அதனூடாக இடியப்ப இழைத் தடிப்பில் ஒரு பிளாஸ்திக் குழாயை உள்ளே விட்டு, ஊசியை எடுத்துவிட்டு, குழாயை முதுகோடு ஒட்டித் தோள்வரை கொண்டுவந்து பம்பில் கொழுவிவிடுவோம். மூன்று நாள் நாலு நாள் மருந்து ஓடலாம்.

இந்த வித்தியாசம் மருந்தின் அளவில் பெரிதாகத் தெரியும். பைக்குள் மோர்பின் போடுவதென்றால் 0.1 மில்லிகிராம் அளவே போதும், பைக்கு வெளியே 2 முதல் 4 மில்லிகிராம் தேவை. இருபது முதல் நாற்பது மடங்கு. குழாய் தவறிப் பைக்குள் போயிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் முதலில் ஒரு சோதனை அளவு கொடுக்கிறோம், அட்ரினலின் கலந்த லிக்னோகெயின் 3 மில்லிலீற்றர். கால் சட்டென்று விறைத்தால் குழாய் பைக்குள் நிற்கிறது, ஒரு நிமிடத்துக்குள் நெஞ்சு படபடவென்று அடித்தால் இரத்தக்குழாய்க்குள் நிற்கிறது. இரண்டும் இல்லையென்றால் மேலே போகலாம். "ஊசி போட்ட கையோட நெஞ்சு இடிக்குதோ" என்று கேட்டால் வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

(இந்த முறையை 1921இல் எழுதி வெளியிட்டவர் பிடல் பாகேஸ் என்ற ஸ்பெயின் இராணுவ வைத்தியர். இரண்டு வருடத்தில் கார் விபத்தில் இறந்துபோனார். எழுதியது ஸ்பானிய மொழியில் கிடந்ததால் மற்ற நாட்டுக்காரர் கனகாலம் அதைக் கவனிக்கவேயில்லை. தன் மொழியில் எழுதியதை வெளியே யாரும் புரட்டிப் பார்க்காத கதை, 1847இல் கப்பலில் வந்திறங்கி மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்த அமெரிக்க மிஷனரி கிறீன் டொக்டரை அறிந்த எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்காது.)

இரண்டு வகை மருந்து, இரண்டு வேலை

பம்பில் கொழுவும் எபிடியூரல் மருந்துப் பையில் இருப்பவற்றை இரண்டு கட்சியாகப் பிரிக்கலாம். ஒன்று விறைப்பு மருந்துகள், அதாவது பியூபிவக்கெயின், ரோபிவக்கெயின், லெவோபியூபிவக்கெயின், லிக்னோகெயின். மற்றது அபின் வழி வந்த மருந்துகளும் அவற்றைப் போலச் செயற்கையாகச் செய்தவையும், அதாவது மோர்பின், பென்டனைல், பெத்தடின்.

விறைப்பு மருந்து நரம்பிழையில் சோடியம் உள்ளே போகும் வாசலை அடைத்துவிடும், வலிச் செய்தி அந்த இடத்தைத் தாண்டிப் போகாது. மெல்லிய இழைகள்தான் முதலில் அடங்கும். வலியையும் சூடு குளிரையும் கொண்டுபோகிறவை அப்படிப்பட்டவை, இரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பவையும் அப்படித்தான். தசையை அசைக்கும் தடித்த இழைகள் கடைசியாகத்தான் விழும். ஆகவே ஐதாகக் கொடுத்தால் வலி போய்விடும், கால் அசையும். செறிவாகக் கொடுத்தால் வலியோடு காலும் போய்விடும். இரத்தக்குழாய்கள் தளர்ந்துபோவதால் பிறசர் இறங்குவதும் இந்தக் கட்சியின் குணம்.

மோர்பின் கூட்டம் நரம்பை அடைப்பதில்லை. முண்ணாணில், அதாவது முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டில், வலிச் செய்தி கைமாறும் இடத்தில் போய்க் குந்திக்கொண்டு செய்தியை அமத்திவிடும். கால் விறைக்காது, பிறசர் பெரிதாக விழாது. பதிலாக அரிப்பு, ஓங்காளம், சத்தி, சலம் போகாமல் நிற்பது, நித்திரைத் தூக்கம், எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு மந்தமாவது.

சரி, இரண்டில் எது நல்லது? நோயாளி படுத்திருக்கும்போது "நோ பத்துக்கு எத்தனை" என்று கேட்டால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வரும். இருமச் சொல்லிவிட்டுக் கேளுங்கள், அங்கேதான் வித்தியாசம் தெரியும். மோர்பின் மட்டும் போயிருந்தால் சும்மா கிடக்கும்போது 2 என்றவர் இருமும்போது 7 என்பார், விறைப்பு மருந்து இருந்தால் இருமும்போதும் 3, 4இல் நிற்கும். இது வெறும் சுகக் கணக்கில்லை. நெஞ்சிலோ மேல் வயிற்றிலோ வெட்டுப்பட்டவர் வலிக்குப் பயந்து இருமாமல் கிடந்தால் சளி அடியில் தேங்கி, நுரையீரலின் கீழ்ப்பக்கம் சுருங்கி, நாலாம் நாள் காய்ச்சலும் நியூமோனியாவுமாக வந்து நிற்கும். எபிடியூரல் போடுவதன் பெரிய நியாயமே இந்த இருமல்தான் என்று நான் நினைக்கிறேன்.

குடலிலும் அப்படித்தான். காலையில் சுற்றிவரும் சத்திரசிகிச்சை நிபுணர் முதலில் கேட்பது "காத்துப் போச்சுதோ?" என்றுதானே. விறைப்பு மருந்து குடலைக் கட்டிப்போடும் நரம்புகளையும் சேர்த்து அடக்குவதால் குடல் கெதியாக அசையத் தொடங்கும், மோர்பின் வகை அதை மந்தமாக்கும்.

அதனால் பெரும்பாலான இடங்களில் இரண்டையும் கலந்துதான் கொடுக்கிறார்கள். ஒன்றுக்கொன்று கைகொடுப்பதால் இரண்டையுமே குறைந்த அளவில் வைத்துக்கொள்ளலாம், கால் விறைப்பதும் குறையும், மூச்சுப் பயமும் குறையும். கலவை என்று சொன்னால் 'ரெண்டு மருந்தா' என்று பயப்பட வேண்டாம். ஒன்று மட்டும் போகிறது என்றால்தான் ஏன் என்று கேட்கலாம், அதற்கும் பல நேரம் நல்ல காரணம் இருக்கும்.

சதவீதத்தை வாசிக்கப் பழகுங்கள்

மருந்துப் பையின் லேபலில் 0.1% என்றோ 0.125% என்றோ எழுதியிருக்கும். பத்தால் பெருக்குங்கள், ஒரு மில்லிலீற்றரில் எத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடும். 0.1% என்றால் 1 மில்லிகிராம், 0.125% என்றால் 1.25, குப்பியில் வரும் 0.5% என்றால் 5.

இப்போது பம்பைப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு 8 மில்லிலீற்றர் என்று ஓடுகிறது, பையில் 0.1% பியூபிவக்கெயின், மில்லிலீற்றருக்கு 2 மைக்ரோகிராம் பென்டனைல் என்று வைப்போம். மணிக்கு 8 மில்லிகிராம் பியூபிவக்கெயினும் 16 மைக்ரோகிராம் பென்டனைலும் போகிறது. ஒரு நாளுக்கு 192 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு 24 மணித்தியாலத்தில் பியூபிவக்கெயின் 400 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வழமையான எல்லை, அதில் பாதிகூட இல்லை. அதே வேகத்தில் 0.25% ஓடினால்? 480. மருந்தின் பெயர் ஒன்றுதான், பம்பின் வேகமும் ஒன்றுதான், ஆனால் ஒன்று நிம்மதியான அளவு, மற்றது எல்லை தாண்டிய அளவு. 'என்ன மருந்து' என்று மட்டும் கேட்டுவிட்டு 'எத்தனை வீதம்' என்று கேட்காமல் விடுவது, கறிக்குத் தூள் போட்டதோ என்று கேட்டுவிட்டு எத்தனை கரண்டி என்று கேட்காதது மாதிரி.

ஆயத்தமாகக் கலந்த பை கிடைக்காத இடத்தில் நாங்களே கலப்போம். 0.5% பியூபிவக்கெயின் 20 மில்லிலீற்றர், மில்லிலீற்றருக்கு 50 மைக்ரோகிராம் உள்ள பென்டனைல் 4 மில்லிலீற்றர், சேலைன் 76 மில்லிலீற்றர், மொத்தம் 100. இரண்டு பேர் சேர்ந்து சரிபார்த்து, பெயரும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும். அவசரத்தில் ஒருவர் தனியாக நின்று கலப்பதைத்தான் நான் மருந்தின் பெயரைவிடப் பயப்படுவேன்.

பியூபிவக்கெயினா, ரோபிவக்கெயினா

இப்போது ஸ்காபரோ மகனின் கேள்விக்கு வரலாம். பியூபிவக்கெயின் 1957இல் சுவீடனில் செய்யப்பட்டது. ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இடக்கை, வலக்கை மூலக்கூறுகள் இரண்டும் கலந்த மருந்து. அதில் வலக்கைப் பாதி இதயத்தின் சோடியம் வாசலில் வேகமாகப் போய் ஒட்டிக்கொண்டு மிக மெதுவாகத்தான் விடும், அதனால் பெரிய அளவு ஒன்று தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் நின்ற இதயத்தைத் திருப்பி ஓடவைப்பது கஷ்டம். 1979 அளவில் இது உரத்துப் பேசப்பட்டது. பிறகு இடக்கை மூலக்கூறை மட்டும் வைத்து லெவோபியூபிவக்கெயினும், இடக்கை மூலக்கூறுகளாகவே செய்த ரோபிவக்கெயினும் 1990களின் கடைசியில் பாவனைக்கு வந்தன.

ஆனால் ரோபிவக்கெயினின் வலு கொஞ்சம் குறைவு. 0.1% பியூபிவக்கெயின் செய்யும் வேலைக்கு அதில் 0.15, 0.2% என்று போக வேண்டிவரும். 'கால் விறைக்காது' என்று அதற்கு இருக்கும் நல்ல பெயரில் ஒரு பங்கு, சம வலுவில் ஒப்பிடாமல் சம சதவீதத்தில் ஒப்பிட்டதால் வந்தது. இரண்டையும் சம வலுவுக்குக் கொண்டுவந்தால் வித்தியாசம் சுருங்கிவிடும், முழுதாகப் போய்விடாது என்பதையும் சொல்லவேண்டும்.

என் கணிப்பு இதுதான். மணிக்கு 6 முதல் 10 மில்லிலீற்றர் வேகத்தில் 0.1% ஓடும் சாதாரண எபிடியூரலுக்கு பியூபிவக்கெயின் போதும். இதய ஆபத்து பெரும்பாலும் வருவது சொட்டுச் சொட்டாகப் போகும் கலவையால் இல்லை, பெரிய ஊசியாக ஒரே மூச்சில் கொடுக்கும்போதோ, எபிடியூரல் பையைத் தவறிக் கையில் உள்ள சேலைன் குழாயில் கொழுவும்போதோதான். ரோபிவக்கெயின் பெறுமதி தருவது எங்கே என்றால், அதிக அளவு தேவைப்படும் இடத்தில், ஏற்கனவே இதயம் களைத்தவருக்கு, எபிடியூரலோடு வேறு நரம்பு ஊசிகளும் போடும்போது, முழங்கால் மாற்றிவிட்டு அடுத்த நாளே நடக்க வேண்டியவருக்கு. விலை கூட. எல்லா இடத்திலும் எல்லா நேரமும் இருக்காது. அதற்காக ஒப்பரேசனைப் பிற்போடுவது அநியாயம்.

இரண்டில் எது போனாலும் வாயைச் சுற்றி விறுவிறுப்பு, நாக்கில் தகரச் சுவை, காதில் இரைச்சல் என்று நோயாளி சொன்னால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள். இரத்தத்தில் மருந்து கூடிவிட்டது என்பதற்கு இவை முதல் அறிகுறிகள், விட்டால் வலிப்பு வரும். மாற்று மருந்து உண்டு, 20% கொழுப்புக் குழம்பு (லிப்பிட்), உடல் நிறையில் கிலோவுக்கு 1.5 மில்லிலீற்றர் முதல் அளவு. "உங்கட இடத்தில லிப்பிட் இருக்கோ?" என்று கேட்டால் எந்த மயக்க மருந்து டொக்டரும் உங்களைக் கொஞ்சம் மரியாதையோடு திரும்பிப் பார்ப்பார்.

லிக்னோகெயின் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கெதியாக வேலை செய்யும், கெதியாக முடியும், தொடர்ந்து ஓடவிட்டால் உடம்பு பழகி அளவு ஏறிக்கொண்டே போகும். சோதனை அளவுக்கும் அவசரத்தில் ஒருமுறை வலி அடக்குவதற்கும் நல்லது.

பென்டனைலா, மோர்பினா

மருந்துகளுக்குள் உண்மையாக யோசிக்க வேண்டிய தெரிவு இதுதான் என்பேன், வீட்டுக்காரர் யாரும் இதைக் கேட்பதில்லை.

பென்டனைல் கொழுப்பில் கரையும். பஞ்சில் விட்ட எண்ணெய் மாதிரி விட்ட இடத்திலேயே ஊறிவிடும். பத்து நிமிடம் அளவில் வேலை தொடங்கி, ஒரு ஊசி இரண்டு மூன்று மணித்தியாலம் நிற்கும், ஆகவே பம்பில் தொடர்ந்து ஓட வேண்டும். மோர்பின் நீரில் கரைவது. வேலை தொடங்க அரை மணி முதல் ஒரு மணித்தியாலம் எடுக்கும், ஆனால் முண்ணாணைச் சுற்றிய நீரில் கலந்து மெல்ல மெல்ல மேலே மிதந்துபோகும், ஒரு ஊசி 12 முதல் 24 மணித்தியாலம் தாங்கும். பம்ப் தட்டுப்பாடான இடத்தில் இது பெரிய வசதி. குழாயின் நுனி வெட்டுக்கு நேராக இல்லாவிட்டாலும் மோர்பின் தேடிப்போய் வேலை செய்யும் என்பது இன்னொரு வசதி.

அந்த மிதப்புத்தான் ஆபத்தும். மேலே மிதந்த மருந்து மூளையில் மூச்சை ஓட்டும் பகுதிக்குப் போய்ச்சேர நேரம் எடுக்கும். பின்னேரம் நன்றாகக் கதைத்துக்கொண்டிருந்தவர், சொந்தக்காரர் எல்லாம் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, ஊசி போட்டு ஆறு, பத்து, பதினெட்டு மணித்தியாலத்தில் நித்திரை மாதிரி ஆழ்ந்துபோய் மூச்சு மந்தமாகலாம். அதனால்தான் எபிடியூரல் மோர்பின் போட்டால் 24 மணித்தியாலம் பார்க்க வேண்டும், முதல் 12இல் மணிக்கொரு தரம், அடுத்த 12இல் இரண்டு மணிக்கொரு தரம் என்று அமெரிக்க மயக்க மருந்து நிபுணர் சங்க வழிகாட்டல் சொல்கிறது. பென்டனைலில் மூச்சுப் பிரச்சினை வந்தால் பெரும்பாலும் கெதியாகவே வரும், ஓடும் வரைக்கும் கவனித்தால் போதும்.

ஆகவே மோர்பின் என்று சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான், "இரவு ஆர் பாப்பினம்? எத்தனை பேருக்கு ஒரு தாதி?" நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் நிற்கும் விடுதியில், எழுபது வயதைத் தாண்டியவருக்கோ குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்கிறவருக்கோ மோர்பின் போடுவதைவிட, விறைப்பு மருந்தோடு கொஞ்சம் பென்டனைல் போதும் என்று நான் சொல்வேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் என்றால் கதை வேறு.

அரிப்பு. என் அம்மாவுக்கு இடுப்பு ஒப்பரேசன் நடந்தபோது (எந்த இடம் என்று சொல்லவில்லை, அப்போது நான் படித்துக்கொண்டிருந்தேன்) எபிடியூரல் மோர்பின் போட்டார்கள். நோ துளியும் இல்லை. ஆனால் இரவு முழுக்க மூக்கையும் நெற்றியையும் சொறிந்துகொண்டே இருந்தார். கடமையில் இருந்தவர் ஒவ்வாமை என்று நினைத்து, பிரிற்றன் என்ற ஒவ்வாமை மருந்தில் ஊசி ஒன்று போட்டுவிட்டார். அரிப்பு நிற்கவில்லை, அம்மா மட்டும் விடியும் வரை எழுப்ப எழுப்ப எழும்பாமல் கிடந்தார். மோர்பின் அரிப்பு ஒவ்வாமையால் வருவதில்லை, நரம்புக்குள்ளே வருவது, பிரிற்றன் அதற்குப் பெரிதாக உதவாது, தூக்கத்தோடு தூக்கத்தைக் கூட்டிவிடும். சரியான மருந்து, மோர்பினை முறிக்கும் நலொக்சோன், மிகச் சிறிய அளவில். வலியைக் கெடுக்காமல் அரிப்பை மட்டும் இறக்கும் அளவு அதில் உண்டு. முகத்தில், மூக்கில் அரிப்பு, தடிப்பு ஒன்றும் இல்லை என்றால் இதுதான் என்று எடுத்துக்கொண்டு தாதியிடம் சொல்லுங்கள்.

பெத்தடின் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கமான பெயர். எபிடியூரலிலும் போடலாம், கொஞ்சம் விறைப்புக் குணமும் அதற்கு உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்கு அதன் கழிவு தேங்கி வலிப்பு வரலாம் என்பதால் நாட்கணக்கில் ஓடவிட நான் விரும்புவதில்லை. குளோனிடீன் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், வலி இன்னும் குறையும், பிறசரும் இன்னும் குறையும். அட்ரினலின் சிறிது சேர்த்தால் இரத்தக்குழாய் சுருங்கி மருந்து அங்கேயே தங்கும்.

மருந்து சரியில்லை என்பதற்கு முதல்

முதலில் குழாயின் நுனி சரியான உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். முலைக்காம்பு மட்டத்துத் தோலுக்கு நரம்பு வருவது முள்ளந்தண்டில் மார்புப் பகுதியின் நாலாவது நரம்பில், தொப்புளுக்குப் பத்தாவதில். மேல் வயிற்றில் வெட்டு என்றால் குழாயின் நுனி மார்புப் பகுதியின் ஏழாவது, எட்டாவது அளவில் நிற்க வேண்டும், கீழ் வயிற்றுக்கு ஒன்பது, பத்து, முழங்காலுக்கு நாரியில். இரைப்பையில் வெட்டிவிட்டு நாரியில் குழாய் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? இரண்டு காலும் கட்டையாக விறைத்துக் கிடக்கும், காயம் நெருப்பாய் எரியும். "விலையான மருந்தாம், ஒண்டுக்கும் உதவேல்லை" என்று வீட்டுக்காரர் பேசுவார்கள். உலகின் எந்த மருந்தைப் போட்டாலும் அந்த இடத்தில் அதுதான் நடக்கும்.

எபிடியூரல்களில் ஒரு நல்ல பங்கு ஏதோ ஒரு கட்டத்தில் குழாய் நகர்ந்தோ ஒரு பக்கம் மட்டும் பிடித்தோ சொதப்பும். நோ என்றால் முதலில் ஐஸ் கட்டியைத் தோலில் வைத்துப் பார்ப்போம். காயத்துக்கு மேலும் கீழும் இரண்டு பக்கமும் குளிர் தெரியாவிட்டால் மருந்து சரியான இடத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் குளிர்கிறது என்றால் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்துப் பார்ப்போம். எங்கும் குளிர்கிறது என்றால் குழாய் வெளியே வந்துவிட்டது, நாள் முழுக்க மருந்து பிளாஸ்ரருக்குக் கீழேதான் ஓடியிருக்கும். மருந்தை மாற்றுவது இவ்வளவும் பார்த்த பிறகுதான்.

போடுவதற்கு முதல் நீங்கள் சொல்ல வேண்டியது

இரத்தம் ஐதாக்கும் குளிசை எது எடுத்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள், வெறும் பெயர் போதாது, கடைசியாக எப்போது எடுத்தது என்பதும் வேண்டும். சிறிய அளவு அஸ்பிரின் பெரும்பாலும் பரவாயில்லை. குளோப்பிடோகிரல் என்றால் 5 முதல் 7 நாள் நிறுத்த வேண்டும், அதுவும் இதய டொக்டரைக் கேட்டுத்தான். வார்பரின் என்றால் இரத்தம் உறையும் நேரம் சோதித்து வழமைக்குக் கிட்ட வரவேண்டும். கால் இரத்தக்குழாயில் இரத்தம் கட்டிபடாமல் வயிற்றில் போடும் எனொக்சபரின் ஊசி, தடுப்பு அளவில் என்றால், 12 மணித்தியாலம் கழித்துத்தான் குழாய் போடுவதும் கழற்றுவதும். முதுகில் வெட்டுக்காயமோ புண்ணோ காய்ச்சலோ இருந்தாலும் சொல்லுங்கள்.

இரவு பக்கத்தில் இருப்பவருக்கு

மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். எட்டுக்குக் கீழே போனாலோ, தட்டி எழுப்பியும் கண் திறக்காவிட்டாலோ ஓடிப்போய்க் கூப்பிடுங்கள், 'பாவம் நல்ல நித்திரை' என்று விட்டுவிடாதீர்கள். வீட்டில் இருந்து கொண்டுவந்த நித்திரைக் குளிசையைக் கொடுக்கக் கூடாது. பம்பில் நோயாளி அமத்தும் பொத்தான் இருந்தால் நோயாளி மட்டும்தான் அமத்த வேண்டும். தூங்குகிறவருக்காகப் பாசத்தில் மகள் அமத்துவதுதான் அந்தப் பொத்தானில் உள்ள ஒரே பெரிய ஆபத்து. விறைத்த காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் வைக்காதீர்கள், சூடு தெரியாமல் தோல் பொங்கிவிடும், பிறகுதான் தெரியவரும். குழாய் ஒட்டியிருக்கும் முதுகில் சித்தாலேப தைலம் பூசாதீர்கள், பிளாஸ்ரர் கழன்றுவிடும். முதல் தடவை எழும்பும்போது தாதி பக்கத்தில் நிற்கட்டும், பிறசர் இறங்கித் தலை சுற்றும்.

காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐதான கலவையில் கால் மடக்கி நீட்ட வேண்டும். நேற்று அசைந்த கால் இன்று அசையவில்லை, விறைப்பு கூடிக்கொண்டு போகிறது என்றால் பம்பை நிறுத்தச் சொல்லுங்கள். நிறுத்தியும் நாலு மணித்தியாலத்தில் அசைவு திரும்பாவிட்டால் உள்ளே இரத்தக்கட்டி அமுக்குகிறதா என்று உடனே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், எட்டு மணித்தியாலத்துக்குள் கட்டியை எடுத்தால் கால் திரும்பும் வாய்ப்பு அதிகம். இது மிக அரிது. ஆனால் அரிது என்பதால்தான் 'விறைப்பு ஊசிதானே, அப்பிடித்தான் இருக்கும்' என்று விடியும் வரை விட்டுவிடுகிறார்கள்.

கழற்றும் நாள்

மூன்றாம், நாலாம் நாளளவில் குழாயைக் கழற்றுவோம், அதற்கு மேல் வைத்திருந்தால் கிருமி தொற்றும் பயம் கூடும். கழற்றிய கையோடு நோ திடீரென்று ஏறாமல் இருக்க, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிசையைத் தொடங்கிவிட வேண்டும், பரசிற்றமோல் 1 கிராம் ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தரம், சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் டைக்குளோபெனாக். குழாய் முழுதாக வந்ததா, நுனி இருக்கிறதா என்று பார்த்து எழுதுவார்கள். அடுத்த எனொக்சபரின் ஊசி கழற்றி நாலு மணித்தியாலம் கழித்துத்தான், இதை இரவுத் தாதிக்கும் நினைவூட்டுங்கள். வீட்டுக்குப் போன பிறகு முதுகில் புதிதாகக் கடுமையான நோவோடு காய்ச்சல், கால் பலவீனம், சலம் கட்டுப்படாமல் போவது இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாள் வரும் வரை பார்த்திருக்காமல் அன்றைக்கே வாருங்கள், வரும்போது துண்டில் எபிடியூரல் போட்ட திகதியும் கழற்றிய திகதியும் எழுதியிருக்கட்டும்.